மூச்சு வாங்காமல் இரண்டு மாடி

மதிப்பும் மரியாதையும் உள்ள சகலை அவர்களுக்கு,

உங்களுக்குத் தம்பி முறை ஆகிறவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்கள், அண்ணி, உங்கள் டிரைவிங் ஸ்கூல், அதன் கார்கள், அந்தக் கார்கள் இதுவரை இடித்த சுவர்கள் எல்லாம் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே உங்கள் மச்சினி நலம். நானும் நலமாக இருப்பதாக மருத்துவமனைக் காகிதங்கள் சொல்கின்றன. அந்தக் காகிதங்களோடு எனக்குச் சின்ன அபிப்பிராய பேதம் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சானாலும் ஸ்பீக்கரில்தான். என் மனைவியின் இரண்டு கைகளும் எந்நேரமும் முட்டையிலிருந்து மஞ்சள் கருவைப் பிரித்துக்கொண்டிருப்பதால் போனைப் பிடிக்கக் கை இல்லை. நான் பேச வேண்டிய விஷயமோ ஸ்பீக்கரில் பேசக்கூடியது அல்ல. ஆகவே இதை முதலில் நீங்கள் தனியாக உட்கார்ந்து படியுங்கள். அண்ணியிடம் எதைச் சொல்வது, எதை விழுங்கிவிடுவது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எனக்கு நெஞ்சு வலி வந்தது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், பாதி வேலையில் விழுந்தேன். நான் பாதி பழுது பார்த்து வைத்திருந்த அதே லிஃப்டில்தான் என்னை இறக்கினார்கள். நெஞ்சு வலியைவிட அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அடைத்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற வலை வைத்து அனுப்பினார்கள், வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் வீட்டில் வெண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லை, வறுத்தது பொரித்தது என்ற பேச்சே இல்லை. வெளியூரில் இருக்கும் மகள் போன் வழியாக அடுப்பை நடத்துகிறாள், இவள் இங்கே எண்ணெயைக் கரண்டியால் அளந்து, அளந்த கரண்டியையும் துடைத்து வைக்கிறாள். எனக்கு வெள்ளைக் கரு மட்டும். மஞ்சள் கரு எல்லாம் கீழ்வீட்டுப் பூனைக்கு. அந்தப் பூனை இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிக்கிறது. அடுத்த மாரடைப்பு அதற்குத்தான் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், சகலை. விஷயம் அது இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே இவள் தலையணையோடு மகளின் அறைக்குப் போய்விட்டாள். "ஒரு வாரம் நல்லாத் தூங்குங்க, நான் அசைஞ்சா உங்களுக்குத் தொந்தரவு" என்றாள். மாதங்கள் போயின, அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. ஒருநாள் மத்தியானம், மாத்திரை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், நானும் சும்மா ஒரு அன்பில் தோளில் கையை வைத்தேன். "நெஞ்சு வலிக்குதா?" என்று துள்ளி எழுந்து, அந்தக் கையிலேயே பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டாள். அளவு அதிகமாகத்தான் இருந்தது. "பாத்தீங்களா?" என்றாள்.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தீர்கள். ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்தீர்கள். அண்ணி அந்தப் பக்கம் திரும்பியதும் என் காதருகே குனிந்து, "தம்பி, அந்தக் கொழுப்பு மாத்திரை இருக்கே, அது ஆம்பளையை வெறும் ஆளாக்கிடும். நான் எப்பவோ நிறுத்திட்டேன். இப்ப என்னைப் பாரு, ஒரு குறையும் இல்ல. சந்தேகமா இருந்தா உங்க அண்ணியைக் கேளு" என்றீர்கள். அண்ணியைப் போய் எப்படிக் கேட்பது? கேட்காமலே நம்பினேன். உங்களுக்கு எனக்கு முன்னாலேயே மாரடைப்பு வந்தது, இந்த விஷயத்தில் நீங்கள் எனக்கு சீனியர். தினமும் இவள் கொண்டுவந்து கொடுக்கும் மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கழிப்பறையில் துப்பித் தண்ணீர் ஊற்றினேன். ஊரிலேயே கொழுப்பு இல்லாத சாக்கடை எங்கள் கட்டடத்துச் சாக்கடைதான்.

மாத்திரையை நிறுத்தியும் நீங்கள் சொன்ன வீரம் எதுவும் வந்தபாடில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆசையை விடுங்கள், கோபம்கூட வரவில்லை. காலையில் சட்டையில் ஒரு பொத்தானைப் போட்டதும் அடுத்த பொத்தான் எதற்கு என்று தோன்றும். டிவியில் சலவைத்தூள் விளம்பரம் பார்த்து அழுதேன். சட்டையில் கறை போனதற்காக அழுத மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவு கொஞ்ச நாளாக உரசுகிறது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஸ்பானரோடு ஓடுவேன். இப்போது கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். செத்துப் பிழைத்தவன் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குப் பிழைத்த மாதிரியே இல்லை, சகலை. அதுதான் உண்மை.

இந்த நிலையில் மறுபடி ரத்தப் பரிசோதனை. கொழுப்பு இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. டாக்டர் என் மகள் வயதுப் பெண். அளவைப் படித்துவிட்டு என் மனைவியைப் பார்த்து, "வீட்டுச் சமையல் எப்படிம்மா?" என்றார். இவள் அங்கேயே உடைந்துவிட்டாள். "நான் சொட்டுக் கணக்குல ஊத்துறேன் டாக்டர். இன்னும் நான் என்ன செய்யணும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியில் அப்படி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

டாக்டர் இவளை மருந்து வாங்கிவரக் கீழே அனுப்பிவிட்டு, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்து, "அம்மாவோட நெருக்கமா இருக்கீங்களா?" என்றார். "ஒரே வீட்லதான் இருக்கோம் டாக்டர்" என்றேன். அவர் விடவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேசையில் இருந்த பிளாஸ்டிக் இதயத்தை எடுத்துக் கழற்றி மாட்ட ஆரம்பித்தேன். மெக்கானிக் கை சும்மா இருக்காது. மாட்டி முடித்தபோது ஒரு துண்டு மிச்சமாகிவிட்டது. அதைப் பையில் போட்டுக்கொள்வதா மேசையில் வைப்பதா என்ற குழப்பத்தில் வாய் தவறி மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

"அவர் டாக்டரா?"

"கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாத்திரை மேல பழி போடாதீங்க. இதயத்துக்கு வந்துட்டா நிறையப் பேருக்கு மனசு இப்படித்தான் சோர்ந்துபோகும். மனசு சோர்ந்தா ஆசையும் போகும். மருந்து எதுக்கு, நடை எதுக்குன்னும் தோணும். கடைசியில கொழுப்புதான் ஏறும். மனசுக்கும் வைத்தியம் இருக்கு, ஒருத்தர்கிட்ட அனுப்புறேன், போய்ப் பேசுங்க. அப்புறம் நெருங்கினா நெஞ்சுக்கு ஆகாதுங்கிற பயம் வேண்டாம். ரெண்டு மாடி மூச்சு வாங்காம, நெஞ்சு வலிக்காம ஏற முடிஞ்சா வீட்டுல நீங்க நீங்களா இருக்கலாம்." மிச்சமான துண்டையும் வாங்கி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறேன். மனசுக்கு வைத்தியம் பார்ப்பவரிடமும் போகிறேன். நல்ல மனிதர், நான் பேசாமல் இருந்தாலும் பொறுமையாகக் கேட்கிறார்.

அடுத்தது படி. வாழ்நாள் முழுக்க மனிதர்களைப் படி ஏறாமல் காப்பாற்றிய நான், காலையும் மாலையும் படி ஏறுகிறேன். இவளுக்குக் காரணம் தெரியாது. அவள்தான் அந்த நேரம் மருந்துக் கடையில் நின்றாளே. முதல் மாடிக் கணக்கு வாத்தியாருக்கும் அதே டாக்டர்தான் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் ஏறுவதைப் பார்த்து ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, "ம்ம், நடக்கட்டும் நடக்கட்டும்" என்றார். மறுநாள் அவரும் ஏறினார். அப்புறம் தையல்கடைக்காரர். இப்போது மாலை ஆனால் ஐம்பது தாண்டிய ஆண்கள் வரிசையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், படி ஏறிக்கொண்டிருக்கிறோம். வாத்தியார் மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சந்தோஷமா இருங்க" என்றாராம். இவள் வந்து, "என்னங்க, அவங்க வீடு காலி பண்றாங்களா?" என்று கேட்கிறாள்.

நான் இரண்டு மாடி என்ன, எங்கள் மூன்றாவது மாடி வரைக்கும் துளி மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். இதை நானே இவளிடம் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. ஆகவே என் விண்ணப்பம் இதுதான். நீங்கள் அண்ணியிடம் சொல்லி, அண்ணி அக்கா என்ற முறையில் தன் தங்கையிடம் பக்குவமாகப் பேச வேண்டும். உங்கள் இருவரையே உதாரணமாகக் காட்டச் சொல்லுங்கள், அதுதான் எடுபடும். கூடவே, மாத்திரையை நிறுத்தச் சொன்னது நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டு, பழியைப் பாதியாவது வாங்கிக்கொள்ளுங்கள். இவள் என் பக்கத்தில் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணிக்கு என் வணக்கங்கள். கார்களுக்கு என் விசாரிப்பு. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
படி ஏறத் தகுதி பெற்ற
உங்கள் சகலை

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். உறை தேடிக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தார். வழக்கம்போல ஸ்பீக்கர். நான் அதே அறையில் இருப்பது அண்ணிக்குத் தெரியாது. "அவர் என்கூடப் பேசியே வருஷக்கணக்காச்சுடி. கிளாஸ் இல்லாத நேரத்துல காருக்குள்ள போய் உக்காந்துக்கிறார். கேட்டா இன்ஜின் சத்தம் பாக்குறாராம். வண்டிய ஸ்டார்ட்டே பண்ணல, அதுல என்ன சத்தம்? ஆபீஸ் ரூம்லயே படுத்துக்கிறார். மாத்திரை மட்டும் ஒரு வேளை தவறாம போட்டுக்கிறார்" என்று அழுதார்.

மாத்திரையை நீங்கள் நிறுத்தவே இல்லையா, சகலை? கொஞ்ச நேரம் உங்கள் மேல் கொலைவெறி வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் கோபம் அது, அதற்கு உங்களுக்கு நன்றி. அப்புறம் அந்தக் காரில் நீங்கள் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். கோபம் போய்விட்டது.

என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே, "இங்கயும் அதே கதைதான்க்கா" என்று போனை வைத்தாள். நான் மாத்திரையைத் துப்பியதை எல்லாம் சொல்லிவிட்டேன். "அப்ப தப்பு என் சமையல்ல இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. அதற்கப்புறம்தான் திட்டினாள். திட்டி முடித்து, "பக்கத்துல படுத்தா உங்க மூச்சு நிக்குதா வருதான்னு கேட்டுக்கிட்டே கிடப்பேன். அந்தப் பயத்துலதான் அந்த ரூமுக்குப் போனேன்" என்றாள். படி விஷயத்தை டாக்டர் அவளிடமும் சொல்லியிருக்கிறார். வாத்தியார் வீட்டைப் பற்றிக் கேட்டதுகூடத் தெரிந்தேதான்; நான் வாயைத் திறந்து கேட்பேன் என்று காத்திருந்தாளாம். மூச்சு வாங்கவில்லை என்று மேலே எழுதியதும் பொய். "ரெண்டாவது மாடி திரும்பினதும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. மேல நின்னு தினம் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள்.

"அப்ப நான் தேறலையா?"

"மெதுவா ஏறினாத் தேறிடுவீங்க. உங்களை யாரு ஓடச் சொன்னா?"

வருகிற புதன்கிழமை எங்கள் டாக்டரிடம் உங்களுக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். மறுக்காமல் வாருங்கள். யாரிடமும் வீரம் பேச வேண்டாம், என்னோடு படி ஏறினால் போதும். அண்ணியையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். மகளின் அறை நேற்றிலிருந்து காலியாகத்தான் இருக்கிறது. அங்கே கட்டில் ஒன்றுதான், அதுவும் சின்னது. நீங்கள் இரண்டு பேரும் நெருக்கிப் படுத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள்.