சரஸ்வதியிடம் சிக்கிய துவக்குப் பெட்டித் திறப்பு

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்களின் விபரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது கேட்டால் ஸ்காபரோவில் பாதிப்பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்கிறார்கள். நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் மனைவி ரஞ்சி, எட்டு மாத வயிற்றோடு பிக்கரிங்கில் இருந்து வந்திருந்த மகள் தர்சி, ரஞ்சியின் தம்பி குகன், வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்து துவக்கு வாங்க வந்த டக் என்ற வெள்ளைக்காரர். பிறகு பதினொரு நிமிடம் மட்டும் இரண்டு பொலிஸ்காரர். தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் வாசலோடு நின்றதால் சேர்க்கவில்லை. மூன்றாம் வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது கணக்கில் வராது.

துவக்கு என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்க்க வேண்டாம். (துப்பாக்கி என்று எழுதினால் எனக்கே பயமாக இருக்கிறது. துவக்கு என்றால் ஏதோ வீட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது.) நான் அடுப்பை அணைத்துவிட்டேனா என்று பார்க்க நெடுஞ்சாலை ஏறிய பிறகும் திரும்பி வருகிற ஆள். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பதினெட்டு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட இடித்ததில்லை. அவ்வளவு மெதுவாக ஓட்டுவேன்.

அப்படிப்பட்டவனிடம் இரண்டு வேட்டைத் துவக்கு எப்படி வந்தது? குகனால் வந்தது. அவனோடு வேலை செய்த ஒருவன் ஒருநாள் மான் இறைச்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அதில் கறி வைத்துச் சாப்பிட்ட நாளில் இருந்து குகனுக்கு நித்திரையில்லை. வேட்டைக்குப் போவதென்று முடிவெடுத்தான். துவக்கு வாங்க லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்கு இரண்டு நாள் வகுப்பும் சோதனையும் இருந்தன.

"அத்தான், சும்மா துணைக்கு வாங்கோ. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. பின்னுக்கு இருந்தால் போதும்."

சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாக நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கே அதுதான் காரணம். ஒவ்வொரு தவணைச் சோதனைக்கும் எனக்குக் காய்ச்சல் வரும். நடிப்பில்லை, தெர்மாமீற்றரில் காட்டும் காய்ச்சல். கடைசியில் அப்பா, "இவன் சோதினை எழுதிச் செத்துப்போவான்" என்று சொல்லித் தன் சைக்கிள் கடையில் இருத்திவிட்டார்.

இருந்தாலும் குகனோடு போனேன். பயத்தில் வகுப்புப் புத்தகத்தை மூன்று தரம் படித்தேன். இங்கிலீசு விளங்காத இடங்களைத் தர்சியிடம் கேட்டுப் படித்தேன். ஆபத்தைப் பற்றிய புத்தகம் என்பதால் எனக்கு அது ஒரு புதிய பாடமாகவே தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் நான் மனதுக்குள் நினைத்துப் பயந்ததையெல்லாம் யாரோ ஒழுங்காக அச்சடித்து வைத்திருந்தார்கள். எண்பது எடுத்தால் பாஸ். எனக்குத் தொண்ணூற்றிரண்டு. குகனுக்கு எழுபத்தெட்டு.

ஆக, மான் சாப்பிட ஆசைப்பட்டவனுக்கு லைசென்ஸ் இல்லை. துணைக்குப் போனவனுக்கு இருக்கிறது. பாதிக்காசு குகன் போட, இரண்டு துவக்கும் என் பெயரில் என் பேஸ்மென்ற்றுக்கு வந்து சேர்ந்தன. ஒரேயொரு நாள் சுடும் மைதானத்துக்குக் கொண்டுபோனோம். நான் மூன்று தரம் சுட்டேன். தோளில் பருப்பு வடை அளவில் கன்றியதுதான் மிச்சம். எட்டு வருடத்தில் அவை செய்த வேலை அவ்வளவுதான்.

ஆனால் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். இரும்புப் பெட்டி வாங்கினேன். துவக்குகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் போட்டேன். தோட்டாக்களை வேறு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அதுவும் போதாதென்று மாதக்காசு கட்டி வீட்டுக்கு அலாரம் போட்டேன். புகை வந்தாலும் ஆள் வந்தாலும் கம்பனிக்காரர் போன் எடுப்பார்கள். படுக்கப் போகும் முன் பூட்டுகளை இழுத்துப் பார்ப்பது என் தேவாரம் மாதிரி ஆகிவிட்டது.

விற்க வேண்டியதுதானே என்பீர்கள். விற்றால், வாங்குபவன் எப்படிப்பட்டவனோ என்ற கவலை. வைத்திருந்தால், வைத்திருக்கிறோமே என்ற கவலை. இதற்கு நடுவில், வெளியே சொல்லாத இன்னொன்றும் இருந்தது. என் வாழ்க்கையில் நான் புத்தகம் படித்து எழுதிப் பாஸ் பண்ணிய ஒரே சோதனைக்கு அந்தத் துவக்குகள்தான் சாட்சி.

தர்சிக்குப் பிள்ளை வரப்போகிறது என்றதும் கதை மாறியது. பிள்ளைப்பேறு முடிந்து மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. "அப்பா, ஐ ஆம் சொறி. கண்ஸ் இருக்கிற வீட்டுக்கு நான் பேபியைக் கொண்டு வரமாட்டன்" என்று அவள் சொல்லிவிட்டாள். ரஞ்சி கீழே போய், இரும்புப் பெட்டி இருந்த மூலையைத் தொட்டில் வைக்க அளந்துகொண்டு வந்தாள்.

விளம்பரம் போட்டேன். பதினாலு பேர் கேட்டார்கள். பதின்மூன்று பேரின் எழுத்தில் எனக்கு ஏதோ சந்தேகம். பதினாலாவது ஆள் டக். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட பஸ் ட்றைவர். முப்பது வருடம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர் என்றதும் என் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. இரண்டுக்கும் சேர்த்து எழுநூறு டொலர் பேசி முடித்தோம். சனிக்கிழமை வரவேண்டியவர் வண்டி பழுதென்று ஞாயிறு மத்தியானம் வருவதாகச் சொன்னார். திங்கள் வேட்டைக்குப் புறப்பட இருக்கிறார் என்பதால், இந்தச் சந்தர்ப்பம் போனால் வேறு ஆள் கிடைக்காதே என்ற பதற்றத்தில் நான் "ஓகே, ஓகே" என்றேன்.

அந்த ஞாயிறு சரஸ்வதி பூசை.

எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லோரும் தங்கள் படிப்பையும் தொழிலையும் சாமிக்கு முன் வைப்பார்கள். வைத்ததை மறுநாள் விடியப் பூசை முடியும்வரை தொடக்கூடாது. தர்சி லப்ரொப் வைப்பாள். ரஞ்சி தையல் கத்தரிக்கோல் வைப்பாள். நான் வெறுங்கையோடு நின்ற காலம் போய், எட்டு வருடமாக எனக்கும் வைக்க ஒரு புத்தகம் இருந்தது: துவக்குப் பாதுகாப்பு வகுப்புப் புத்தகம். அதற்குள் தொண்ணூற்றிரண்டு போட்ட பெறுபேற்றுத் தாளும் லைசென்ஸ் அட்டையும். அதற்குப் பக்கத்தில், ஆயுதத்துக்குப் பதிலாக, பெட்டியின் திறப்பு, அதாவது சாவி. (துவக்கையே கொண்டுபோய் வைத்தால் ரஞ்சி என்னையும் சேர்த்து வெளியே வைத்திருப்பாள்.) மற்றத் திறப்பு எங்கே என்று கேட்பீர்கள். அதுவும் அதே வளையத்தில்தான். பிரித்து வைத்தால் தொலைந்துவிடுமே.

காலையில் பயபக்தியோடு எல்லாவற்றையும் வைத்துப் பட்டுத்துணியால் மூடிவிட்டேன். மத்தியானம் டக் வந்து வாசல்மணியை அடித்தபோதுதான் என் தலைக்குள்ளும் மணியடித்தது.

"ரஞ்சி, அந்தத் திறப்பை மட்டும் ஒருக்கா எடுக்கட்டே?"

"எடுக்கேலாது."

"மனுசன் இரண்டு மணித்தியாலம் ஓடி வந்திருக்கிறான்."

"இருக்கட்டும். சாப்பிடட்டும். விடியப் பூசை முடிய எடுத்துக் குடுங்கோ. பிள்ளை பிறக்கப்போற நேரத்திலை உதிலை கை வைச்சியளோ, தெரியும்."

குகன் சோபாவில் சாய்ந்தபடி, "அத்தான், உதுக்குத்தான் சொல்லுறது, சாமியிட்டை வைக்கிறதுக்கு முதல் திறப்புக்கு ஒரு கொப்பி அடிச்சு வைக்கோணும்" என்றான். அவன் அந்த வருடம் வீட்டுக்கடன் பத்திரத்தை வைத்திருந்தான். வட்டி குறையட்டுமென்று.

டக் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்தார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே நின்றது. ரஞ்சி உளுந்து வடையும் கடலையும் சர்க்கரைப் பொங்கலும் வைத்தாள். தர்சி இங்கிலீசில் விளக்கினாள். டக் பூசைப் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். தர்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவள் சிரிப்பதே பயமாக இருந்தது.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ரஞ்சி குசினியில் அடுப்படியோடு நின்றாள். கையால் தொட்டால்தானே தொடுவது, இடுக்கியால் எடுத்தால்? ஆனால் குசினியில் இருந்து பார்த்தால் பூசை மூலை நேரே தெரியும். அதை மறைக்கத் தணலில் நாலு கரண்டி சாம்பிராணி போட்டேன்.

புகை நன்றாகத்தான் வந்தது. என் கையையே எனக்குத் தெரியவில்லை. இடுக்கி திறப்பு வளையத்தைத் தேடி வாழைப்பழச் சீப்பைப் பிடித்த நேரம், வீட்டின் ஐந்து அலாரமும் ஒன்றாக அலறின. உடனே போன் அடித்தது. அலாரக் கம்பனி.

ஒரு பெண்பிள்ளை கடவுச்சொல்லைக் கேட்டாள். அதை எழுதிய துண்டும் அந்தப் புத்தகத்துக்குள்தான் இருந்தது. நான் உண்மையைச் சொன்னேன். "அது சாமியிடம் இருக்கிறது."

"ஐயா, நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்?"

"இல்லை. ஒரு ஆள் வந்திருக்கிறார்."

"உங்களுக்குத் தெரிந்தவரா?"

"இல்லை. துவக்குக்காக வந்திருக்கிறார்."

அவள் விசைப்பலகையில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மிக மெதுவாக, "ஐயா, உங்களால் இப்போது சுதந்திரமாகப் பேச முடியுமா?" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். "இல்லை. மனைவி பக்கத்தில் நிற்கிறார்."

ஐந்து நிமிடம் ஆகவில்லை. தெருவெல்லாம் நீலமும் சிவப்புமாக வெளிச்சம். எல்லோரும் கைகளைக் காட்டியபடி வெளியே வரச்சொல்லி ஒலிபெருக்கியில் குரல். முதலில் டக் போனார், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு வடை. பின்னால் கரண்டியோடு ரஞ்சி. பிறகு இடுக்கியும் ஒரு வாழைப்பழமுமாக நான். தர்சி சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் படியிலேயே இருந்துவிட்டாள். குகனைக் காணவில்லை. குளியலறையில் இருந்து கடைசியாக வந்தான். முகம் கழுவப் போனானாம்.

இரண்டு பொலிஸில் மூத்தவர் ஒரு பெண். தர்சி மூச்சு வாங்கி வாங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: லைசென்ஸைக் காட்டு. நான் ரஞ்சியைப் பார்த்தேன். தெரு முழுக்க ரஞ்சியைப் பார்த்தது.

"சப்பாத்தோடை உள்ளுக்கை வரவேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை" என்றாள் ரஞ்சி.

அவர்கள் கால்மிதியிலேயே நின்றார்கள். ரஞ்சி படத்துக்கு முன் போய்க் கைகூப்பி, ஒரு நிமிடம் முணுமுணுத்தாள். பிறகு எங்களுக்கும் கேட்கும்படி, "படிச்ச மனுசி, விளங்கிக்கொள்ளுவா" என்று சொல்லிப் புத்தகத்தை மட்டும் வெளியே எடுத்தாள். திறப்பைத் தொடவில்லை.

பொலிஸ் அம்மா அட்டையைப் பார்த்து, றேடியோவில் சரிபார்த்தார். பிறகு கூட இருந்த பெறுபேற்றுத் தாளை விரித்தார்.

"தொண்ணூற்றிரண்டா? நல்ல மார்க்."

என் கையில் அப்போதும் இடுக்கியும் வாழைப்பழமும்தான் இருந்தன. ஆனால் தலை தானாக நிமிர்ந்தது. ஐம்பத்திரண்டு வயதில், மூன்றாம் வீட்டு அன்ரிக்கும் கேட்கும்படி, ஒரு அரசாங்க உத்தியோகத்தர் என் மார்க்கை வாசித்திருக்கிறார். டக், தனக்கு எண்பத்தாறுதான் என்றார். குகன் வானத்தைப் பார்த்தான்.

அவர்கள் போனதும் நான் பேஸ்மென்ற்றுக்குப் போய்ப் பெட்டிக்கு முன் இருந்தேன். விற்கத்தான் வேண்டுமா என்று முதல்தரமாகத் தோன்றியது. தர்சி மெல்ல மெல்லப் படியிறங்கி வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, கண்ஸைத்தானே விக்கிறீங்கள். பாஸ் பண்ணினதை இல்லையே. அந்தக் கார்ட் உங்கடைதான். புத்தகமும் உங்கடைதான்."

நான் தொட்டில் வரப்போகிற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த யன்னலாலை குளிர் வருமோ?" என்று கேட்டேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

டக் வேட்டைப் பயணத்தை ஒருநாள் தள்ளிப்போட்டு அன்றிரவு குகன் வீட்டில் தங்கினார். விடிய வந்து சம்மணமிட்டு இருந்தார். பூசை முடிந்து எல்லோரும் தட்டிலிட்ட அரிசியில் விரலால் எழுதியபோது அவரும் தன் பெயரை எழுதினார். அதன்பிறகு நான் அவருடைய லைசென்ஸை அரசாங்கத்தில் சரிபார்த்து, விற்பதற்கான அனுமதி இலக்கம் வாங்கினேன். (மூன்று தரம் சரிபார்த்தேன்.) திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். துவக்குகள் டக்கின் வண்டியில் ஏறிப்போயின. அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிவரை தூங்கினேன். எட்டு வருட நித்திரை.

ஐந்து வாரத்தில் பேத்தி பிறந்து, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கு மூன்று வயது. வடையைக் கையில் கொடுத்தால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டுத்தான் சாப்பிடுவாள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். வடையைச் சாப்பிடும் முறையே அதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சரஸ்வதி பூசைக்கு நான் இன்னமும் அதே புத்தகத்தைத்தான் வைக்கிறேன். லைசென்ஸையும் புதுப்பித்துவிட்டேன். குகன் என்னைத் துவக்கில்லாத வேட்டைக்காரன் என்கிறான். எழுபத்தெட்டு எடுத்தவன் சொல்வதை நான் காதில் போடுவதில்லை.

டக் ஒவ்வொரு பூசைக்கும் கையைத் தூக்கிக்கொண்டே வாசலில் வந்து நிற்கிறார். அவர் வரக் காரணம் இருக்கிறது. விசயதசமியன்று பூச்சியத்தில் முடிகிற காசு வாங்கக்கூடாது, எழுநூற்றியொன்றாகத் தரவேண்டும் என்று ரஞ்சி அன்றைக்குப் பிடிவாதம் பிடித்தாள். டக்கிடம் சில்லறை இருக்கவில்லை. அடுத்தமுறை தருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு போத்தலில் மேப்பிள் மரத்துப் பாணி கொண்டுவந்திருக்கிறார், பேத்திக்குப் பொம்மைக் கரடி கொண்டுவந்திருக்கிறார். அந்தச் சில்லறையை மட்டும் கொண்டுவர மறந்துவிடுகிறார். ரஞ்சியும் வடையைக் கட்டிக் கொடுத்து, கடனை ஞாபகப்படுத்தியே அனுப்புகிறாள்.

இந்த வருடமும் தரவில்லை. வரவேண்டியது: ஒரு டொலர்.