முனகல் அம்மன்

1988இல் சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் ஓர் அம்மன் எழுந்தருளினாள். எழுந்தருளினாள் என்பதே தப்பு. அவள் எழுந்திருக்கவே இல்லை. மண்ணுக்கு அடியில் படுத்தபடி 'ம்ம்ம்ம்' என்று முனகினாள். அவ்வளவுதான்! அதைக் கேட்கப் பொழிச்சலூரிலிருந்தும் அஸ்தினாபுரத்திலிருந்தும் ஜனங்கள் திரண்டு வந்தார்கள். பொழுது சாய்ந்து விளக்கு எரிந்ததும் வரிசையாகக் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்தார்கள். எழுந்தபோது கண்ணில் நீர், காதில் எறும்பு.

"ஐயோ, இன்னா சோக்கா பேசுது ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் கீரைக்காரி எல்லம்மா.

அந்தக் குடியிருப்பில் எட்டு பிளாக். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'தீர்க்காயுசு' சொல்வார்கள். அத்தனை நெருக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு காலி இடம். ஒரு பூவரச மரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு, ஓரமாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ரூம். பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், பெண்களுக்குத் துணிக்கொடி, ஆண்களுக்கு அரசியல், எல்லாருக்கும் காற்று. அம்மனுக்குத் தாம்பரம் வட்டாரத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை போலும்!

அம்மனைக் கண்டுபிடித்தவர் பொன்னுரங்கம் சுவாமிகள். எந்த ஊர், முன்பு என்ன தொழில் என்று யாரும் கேட்கவில்லை. காவி கட்டியவரிடம் விலாசம் கேட்பது மரியாதையா?

"தலைமேல பந்து விழுதுன்னு அன்னை கனவுல அழுதா" என்றார் சுவாமிகள். கிரிக்கெட் போயிற்று. "ஈரத் துணி தீட்டு" என்றார். கொடி போயிற்று. சுற்றிலும் கம்பி வேலி வந்தது. லாரியில் செங்கல் வந்தது. பாதி இடத்தில் அம்மனுக்குக் கோயில் கட்டப் போகிறார்களாம். மீதிப் பாதியில் சுவாமிகளுக்கு ஆசிரமமாம். அம்மன் தாராள மனசுக்காரி.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பட்டாபிராமன் உருகிப்போனார். "நம்ம காலனிக்கு இப்படி ஒரு பாக்கியமா!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

உருகாதவள் ஒருத்தி இருந்தாள். நாகலக்ஷ்மி. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். நாள் முழுக்க இரைச்சலைக் கேட்டே சம்பளம் வாங்குகிறவள். அவளுடைய சின்ன மகளுக்கு இழுப்பு நோய். மாலையில் பூவரசடியில் உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகும். வேலி வந்த பிறகு குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி விசில் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாலை கரண்ட் போனது. சுவாமிகள் பதறி, "அன்னை உறங்குகிறாள், யாரும் காது வைக்காதீங்க!" என்று கூட்டத்தை விரட்டினார். நாகலக்ஷ்மி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தபோது அவள் கை கூப்பி நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம். அம்மன் பேசறதுக்குக் கரண்ட் வேணுமா?"

கூட்டம் சிரித்தது. சுவாமிகளும் சிரித்தார். "பைத்தியமே! பராசக்திக்கு மின்சாரமா? அவளே சக்தியாச்சே!"

"அப்ப பம்ப் ரூம் மெயினைக் கொஞ்சம் ஆஃப் பண்ணலாமே?"

சுவாமிகளின் சிரிப்பு நின்றது. "அது... தொட்டியில தண்ணி ஏறணும்..."

"தொட்டி அப்பவே நிரம்பிடுச்சு சாமி."

"கூடாது! அபசகுனம்!"

அம்மனைச் சந்தேகிப்பதைப் பட்டாபிராமனால் பொறுக்க முடியவில்லை. "விடுங்க சுவாமி! இவங்க வாயை நானே அடைக்கிறேன்" என்று பம்ப் ரூமுக்குள் பாய்ந்து மெயினை இறக்கினார். பக்தி என்றால் அதுவல்லவா பக்தி!

இருட்டு. எல்லம்மா மண்ணில் காதை வைத்தாள். சத்தமே இல்லை.

"போடுங்க சார்!" என்றாள் நாகலக்ஷ்மி. 'ம்ம்ம்ம்.'

"அணைங்க சார்!" அம்மன் வாயை மூடிக்கொண்டாள்.

நாலாவது தடவை பிள்ளைகளே "ஆன்! ஆஃப்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பட்டாபிராமன் மெயினை இறக்கிவிட்டு வெளியே வந்து, தாமே கடப்பாரையை எடுத்தார்.

முழங்கை ஆழத்தில் ஒரு மண்பானை. பானைக்குள் மூன்று பழைய டியூப்லைட் சோக்குகள், கரண்ட் பாய்ந்தால் முனகுகிற ரகம். அவற்றிலிருந்து கிளம்பிய ஒயர் குழாய் வழியாகப் பம்ப் ரூமுக்குப் போனது.

"அடப்பாவி!" என்றாள் எல்லம்மா. "சோக்கா பேசுதுன்னு நான்கூட சொன்னேனே. மெய்யாலுமே சோக்குதான் பேசிக்கினு இருந்துதா?"

நழுவப் பார்த்த சுவாமிகளின் காவித்துண்டு அவள் கையில் சிக்கியது. "எங்க ஓடுற? செங்கல்லை யாரு எடுப்பா, உங்க ஆத்தாளா? தூக்கு!"

சுவாமிகள் தூக்கினார். கடைசிச் செங்கல் வெளியே போகும்வரை தூக்கினார். பட்டாபிராமன் வேலியைப் பிடுங்கி எறிந்தார். நாகலக்ஷ்மி யார் முகத்தையும் பார்க்காமல் மாடிக்குப் போய், மகளைத் தூக்கி வந்து பூவரசடியில் உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது.

சேதி தெரியாமல் பொழிச்சலூரிலிருந்து வந்த ஒருவர், "அம்மன் எங்கம்மா?" என்று கேட்டார்.

"அம்மன் இல்லண்ணா, காத்து கீது. குந்து" என்றாள் எல்லம்மா.

ஜனங்களே, நாளைக்கே எவனாவது உங்கள் தெருவின் கடைசிக் காலி இடத்தில் காதை வைக்கச் சொன்னால், செருப்பைக் கழற்றிப் போடுங்கள், தப்பில்லை. மூளையைக் கழற்றிப் போடாதீர்கள்!