வெந்நீரில் இறுகிய கால்

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி வேப்பனப்பள்ளி வெங்கடப்பன் அவர்கள் சமுகத்துக்கு மாதப்பன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டில் சம்பந்தியம்மாளும், மாந்தோப்பும், கறவை மாடுகளும், போர்வெல்லில் தண்ணீரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் தங்கள் மகள் சுவாதி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குக் காரணம் நான்தான். போனில் சொன்னால் தாங்கள் "பரவால்ல வுடுங்க சம்பந்தி" என்று உடனே மன்னித்துவிடுவீர்கள். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லாததால் கடிதம்.

மாம்பழக்கூழ் ஆலையில் முப்பத்தொரு வருடம் தரம் பார்த்தவன் நான். தங்கள் தோப்புப் பெங்களூரா மாங்காய் லோடையே இரண்டு முறை கேட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதையெல்லாம் மனசில் வைக்காமல் என் மகன் அஸ்வினுக்குப் பெண் கொடுத்தீர்கள். நிச்சயதார்த்தத்தன்று சுவாதி தன் கம்பெனியில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று பொறுமையாகச் சொன்னாள். அவள் செய்கிற மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறவரை தண்ணீராக இருக்குமாம், உடம்புச் சூடு பட்டதும் ஜெல்லாக இறுகுமாம், சர்க்கரைப் புண்ணில் ஊற்றினால் பள்ளம் மேடு பார்த்து உட்கார்ந்துகொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம். நான் என்ன செய்தேன்? தங்கள் பங்காளிகள் அத்தனை பேர் நடுவில், "ஜெல்லி காய்ச்சறதுக்கா இத்தன படிப்பு?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். எந்தப் பொருளும் சூட்டில் இளகும், குளிரில் இறுகும், நான் பார்க்காத கூழா என்று வேறு பேசினேன். அப்போதுதான் பந்தியில் ஆறு இட்லி சாப்பிட்டு எழுந்திருந்தேன். இட்லி மாவு எதில் இறுகுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி என் காலுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரி சரோஜம்மாள் எங்கள் மகளின் பிரசவத்துக்காகக் காவேரிப்பட்டினம் போய் ஒரு மாதமாகிறது. அவள் இருந்தவரை களியும் கீரையுமாக என் சர்க்கரை ஒழுங்காக இருந்தது. அவள் பஸ் ஏறிய மறுநாள் தாங்கள் அனுப்பிய செந்தூரா மாம்பழக் கூடை வந்தது. தங்கள் மேல் குற்றமில்லை. ஒரு பழம் என்று ஆரம்பித்தவன் கூடையின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பிறகு இடது குதிகாலில் செருப்புக் கடித்தது, கடித்த இடம் புண்ணாயிற்று, புண் ஆறவேயில்லை. யாரிடம் சொல்வது? அபார்ட்மெண்டில் வாக்கிங் வருகிறவர்களுக்கெல்லாம் சர்க்கரையைப் பற்றி உபதேசம் செய்கிறவன் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர்கள் சிரிக்க மாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை சுவாதி ஐஸ் டப்பாவில் ஒரே ஒரு பாட்டில் கொண்டுவந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். "மாமா, இத மட்டும் தொட்டுடாதீங்க. காலைல நேரா பெங்களூரு போயி டாக்டருங்க முன்னாடி ஊத்திக் காட்டணும்" என்றாள். இரண்டு வருட வேலை அந்தப் பாட்டிலில் இருக்கிறது என்றும் சொன்னாள். மத்தியானம் அவளும் அஸ்வினும் தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். நானும் புண்ணும் ஃப்ரிட்ஜும் மட்டும் வீட்டில். இரண்டு சொட்டு எடுத்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன் சம்பந்தி, சத்தியமாக இரண்டே சொட்டுத்தான் நினைத்தேன், ஆனால் ஒற்றைக் காலில் நின்று ஊற்றினால் பாட்டில் கேட்குமா, முழுவதும் கொட்டி, குதிகால், பாதம், விரல் இடுக்கு எல்லாம் வழிந்து, துடைக்கத் துணி எடுப்பதற்குள் இறுகிவிட்டது. ஆலையில் எது ஒட்டினாலும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், வெந்நீர். கீசரைப் போட்டு ஊற்றினேன். இன்னும் இறுகியது. சூடு போதவில்லை என்று இன்னும் சூடாக ஊற்றினேன். ரப்பர் செருப்பு மாதிரி ஆயிற்று. கால் கொஞ்ச நாளாகவே மரத்துப் போயிருந்ததால் சூடு உறைக்கவில்லை. கணுக்கால் சிவந்ததைப் பார்த்துத்தான் பயந்து நிறுத்தினேன். மேலே ஒரு சாக்ஸை மாட்டினேன்.

அத்தோடு நின்றிருந்தால் மனிதன். காலி பாட்டிலைப் பார்த்ததும் ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து அதில் ஊற்றி, மூடியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். பாயசம் வைத்த பழக்கதோஷத்தில் ஒரு ஏலக்காயும் தட்டிப் போட்டிருந்தேன்.

நேற்று பெங்களூரில் ஆறு டாக்டர்கள் உட்கார்ந்திருக்க, ஒருவர் கையை நீட்ட, சுவாதி ஊற்றியிருக்கிறாள். அரை நிமிடத்தில் இறுகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு ஊற்றியிருக்கிறாள். அது முழங்கை வழியாகச் சட்டைக்குள் போயிற்றாம். இன்னொருவர் குனிந்து, "ஏலக்காய் வாசன வருதே" என்றாராம். அவள் அதிகாரி இந்த வேலையை வேறு ஆட்களிடம் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாராம். இதெல்லாம் அஸ்வின் சொன்னது. சாயங்காலம் அவள் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். என் சாக்ஸைப் பார்த்தபடியே, "எங்க தப்பு நடந்துச்சுன்னு புரியல மாமா" என்றாள். நான் மோரைக் குடித்துவிட்டு, "எல்லாம் நல்லதுக்குத்தாம்மா" என்றேன். வெட்கமாக இருக்கிறது சம்பந்தி. முப்பத்தொரு வருடம் அழுகின பழத்தைப் பொறுக்கி வெளியே போட்டவன் அப்படிச் சொன்னேன்.

ஆகவே தாங்கள்தான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் மருந்தில் தப்பில்லை, மாமனாரிடம்தான் தப்பு என்று சொல்ல வேண்டும். நான் பையைக் கட்டிவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் காவேரிப்பட்டினம் போய்விடுவேன். இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தோப்பு வருடா வருடம் தாங்க முடியாமல் காய்க்கட்டும். கூடை மட்டும் இனி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மகளைக் கேலியும் செய்து, அவள் மருந்தையும் திருடிய,
மாதப்பன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சுவாதி ஒரு பேசினில் ஃப்ரிட்ஜ் தண்ணீரோடு வந்து, "மாமா, சாக்ஸக் கழட்டுங்க" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "ஏலக்காயக் கண்டுபுடிக்க லேப் வேணுங்களா? நேத்தே கேட்டிருப்பேன். நீங்களாச் சொல்லட்டும்னு ஒரு நாள் பொறுத்தேன். இனிமே புண்ணு பொறுக்காது" என்றாள். பாட்டில் தன் கவனக்குறைவால் வீட்டில் மாறிவிட்டது என்று நேற்றே அதிகாரியிடம் சொல்லிவிட்டாளாம். என் பெயரைச் சொல்லவில்லையாம். அடுத்த வாரம் டாக்டர்கள் மறுபடி பார்க்கிறார்களாம். சாப்பிடாமல் இருந்தது என் காலை நினைத்துத்தானாம். நாளைக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். பையை அவிழ்த்துவிட்டாள். இதை எழுதும்போது என் காலை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுகிறாள். அவ்வளவு வெந்நீருக்கும் அசையாதது, வலியே இல்லாமல் கரைந்து போகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. நிச்சயதார்த்தத்தில் என்னோடு சேர்ந்து சிரித்த பங்காளிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களுக்கு மட்டும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டவும்.