டெய்லர் வளர்த்த தக்காளி

"டெய்லரண்ணே! உங்க தொட்டி என் வெள்ளைச் சட்டை மேல ஒண்ணுக்குப் போயிடுச்சு!"

கீழே இருந்து வந்த குரலில் டெய்லரின் கையிலிருந்த ஊசி அவர் விரலிலேயே ஏறியது. பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தார். நேர் கீழே இஸ்திரிக் கடை. வாசலில் இஸ்திரியம்மா ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டையின் முதுகில் சேற்று நிறத்தில் ஒரு பட்டை.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா. தண்ணி வடிஞ்சிட்டிருக்கு."

"வடிஞ்சு எங்க போகும்? என் தலை மேலதான வரும்!"

தொட்டி என்றால் அது ஒரு பழைய பெயிண்ட் வாளி. அடியில் ஓட்டை இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும் என்று விதைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். சாதாரண ஆளாக இருந்தால் இரண்டோ மூன்றோ போட்டு விட்டிருப்பான். டெய்லரோ பொத்தான் துளை எடுத்துப் பழகிய ஆள். வாளியைக் கவிழ்த்து, சாக்பீஸால் குறித்து, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, சரியான இடைவெளியில் பதினெட்டு ஓட்டை போட்டிருந்தார். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்தில் இறங்கியது.

"அந்த இடத்துல கொடி கட்டியிருந்தா இந்நேரம் துணி காய்ஞ்சிருக்கும்" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

இருக்கிற பால்கனியே ஆறடிக்கு மூன்றடி. துணி காயப்போட அது வேண்டும் என்று அவள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் டெய்லர் வாளியோடு வந்து குறுக்கே நின்றார்.

"இருபத்தெட்டு வருஷமா அடுத்தவங்க கொண்டு வர்ற துணியைத்தான் வெட்டறேன், தைக்கறேன். ஒண்ணே ஒண்ணையாவது அடியிலேருந்து நானா உண்டாக்கிப் பாக்கணும்மா."

அவள் கையிலிருந்த ஈரத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரி. நாலு மாசம் டைம். ஒரே ஒரு தக்காளி. அது நீங்க போட்ட விதையில வந்ததா இருக்கணும். கடையில வாங்கி நூல்ல கட்டித் தொங்கவிடற வேலையெல்லாம் வேணாம். உங்களைப் பத்தி எனக்குத் தெரியும்."

"வரலேன்னா?"

"வாளி கீழ. கொடி மேல."

அன்றைக்கே நைலான் கயிறு வாங்கி வந்து, அவர் கண்ணில் படும்படி ஆணியில் மாட்டிவிட்டாள்.

டெய்லர் பின்வாங்குகிற ஆள் இல்லை. மண்ணுக்குக் காசு கொடுப்பானேன் என்று தெருமுனையில் குவிந்து கிடந்ததை அள்ளி வந்து, வலைத்துணியில் சலித்து நிரப்பியிருந்தார். ஆறு விதை ஊன்றியிருந்தார். சட்டை விவகாரம் நடந்த மறுநாள் காலையில் பார்த்தால் பச்சைப் பச்சையாக ஏழு தலைகள்.

"ஏய், இங்க வந்து பாரு! ஆறு போட்டேன், ஏழு வந்திருக்கு! எப்படி என் கைராசி?"

"துணியில மட்டும் எப்பவும் குறையுதேங்க" என்றாள் அவள்.

அளவு நோட்டில் புதுப் பக்கம் திறந்தார். தினமும் காலையில் இன்ச் டேப்போடு போய் ஏழுக்கும் உயரம் எடுத்தார். இரண்டு வாரத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு தலை உயரமாக நின்றது. விதைப் பொட்டலத்தில் எழுதியிருந்தது: 'வலுவான ஒரு நாற்றை மட்டும் விட்டு மற்றவற்றை அகற்றவும்.'

அளவு நோட்டைப் புரட்டினார். உயரமானதை வைத்துக்கொண்டு மிச்சம் ஆறையும் பக்குவமாகப் பிடுங்கி, வெட்டுத்துணி மூட்டையில் போட்டார். அந்த மூட்டை சனிக்கிழமைதோறும் கீழே போகும். இஸ்திரிப் பெட்டியைத் துடைக்க இஸ்திரியம்மாவுக்கு அது உதவும். சட்டைச் சம்பவத்துக்குப் பிறகு அவள் முகத்தில் விழிக்கத் துணிவில்லாமல், மூட்டையைப் பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கிவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வெளியே போவதும் பின்படிக்கட்டு வழியாக என்று ஆகிவிட்டது.

சொட்டுவதற்கு மருந்தாக, வாளிக்கு அடியில் அகலமான தட்டு வைத்தார். தட்டில் தண்ணீர் தேங்கி, தண்ணீரில் கொசு வந்தது.

"செடி வளருதோ இல்லையோ, கொசு நல்லா வளருது" என்று மனைவி முழங்கையைச் சொறிந்தாள்.

தட்டை எடுத்துவிட்டு, வாளியைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் கொண்டுவந்தார். செடி வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தது. இடுப்பிலும் கழுத்திலும் எலாஸ்டிக் போட்டு நிமிர்த்தினார். ஊட்டம் போதவில்லை என்று தோன்றியது. டீ போட்ட தூளை அலசாமல் சர்க்கரையோடு கொட்டினார். மூன்றாம் நாள் எறும்பு வரிசை வாளியிலிருந்து புறப்பட்டு, மெஷினைச் சுற்றி, தைத்து மாட்டியிருந்த கோட்டுக்குள் குடியேறியது.

கோட்டுக்குச் சொந்தக்காரர் வங்கி மேனேஜர். போட்டுப் பார்த்தவர் முதலில், "கை கொஞ்சம் இறுக்கம்" என்றார். அடுத்து, "முதுகுல ஏதோ பண்ணுது" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை, ஆடினார்.

வாளி மறுபடி பால்கனிக்குப் போனது. மறுபடி சொட்டியது. ஆனால் என்ன ஆச்சரியம், கீழேயிருந்து சத்தமே இல்லை. நல்ல மனசுக்காரி, பழகிவிட்டாள் போல என்று கீழே எட்டிப் பார்க்காமலேயே டெய்லர் நினைத்துக்கொண்டார். டீத்தூளைத் தாராளமாகக் கொட்டி, அதற்கு மேல் ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்றினார்.

செடி வளர்ந்தது. முப்பத்தோரு இன்ச் வந்தது. இலை என்றால் அப்படி ஒரு இலை. மொட்டு மட்டும் இல்லை. டெய்லர் விடவில்லை. வெயில் பக்கம் திருப்பினார். நுனியைக் கத்தரித்தார். கத்தரித்த இடத்தில் இரண்டு கிளை வெடித்தது, தக்காளி வெடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சமாதானமாகவும் பேசிப் பார்த்தார்.

"ஒண்ணு போதும்ப்பா. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. பொத்தான் சைஸ்ல இருந்தாக்கூட அவகிட்ட காட்டிடுவேன்."

நாலு மாதம் முடிகிற அன்று காலையில் மனைவி முக்காலியைப் போட்டு ஏறினாள். கையில் நைலான் கயிறு.

"பேசினபடி நடக்கணுங்க. உங்க விதையில ஒரு தக்காளி வரலை."

"சாயங்காலம் வரைக்கும் நாள் இருக்கு" என்றார் டெய்லர். குரல் இறங்கினாலும் கை வாளியை விடவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள பூத்து, காய்ச்சு, பழுத்துடுமா?"

அப்போது முன்படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. இஸ்திரியம்மா! நாலு மாதச் சொட்டுக்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக டெய்லர் எழுந்து நின்றார். அவள் கையில் சட்டை இல்லை. ஒரு பாத்திரம் இருந்தது. பாத்திரம் நிறையத் தக்காளி, செக்கச்செவேலென்று.

"எடுத்துக்கோங்கண்ணே. கடை வாசல்ல காய்ச்சது. நாங்க மட்டும் எவ்வளவு தின்றது?"

மனைவி முக்காலியின் மேலிருந்தே சிரித்தாள். டெய்லர் அசரவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அளவு நோட்டைத் திறந்தார்.

"சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன். அடுத்த தடவை நானும் விடப்போறதில்ல. என்ன உரம்?"

"நான் எங்கண்ணே உரம் போட்டேன்? உங்க வாளியிலேருந்து சொட்டுதே டீத்தண்ணி, அதுக்கு நேர் கீழ உடைஞ்ச பக்கெட்டை வச்சேன். அவ்வளவுதான்."

டெய்லர் அதையும் எழுதினார்.

"நாத்து எந்தக் கடையில வாங்கினீங்க?"

"வாங்கறதா?"

இஸ்திரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால், எலாஸ்டிக் கட்டி நிமிர்ந்து நின்ற முப்பத்தோரு இன்ச் செடியைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள்.

"வெட்டுத்துணி மூட்டையில நீங்க பிடுங்கிப் போட்டு அனுப்பின ஆறு நாத்துதாண்ணே இது! ஆமா, தக்காளியை எல்லாம் எனக்குக் குடுத்துட்டு, இந்தத் தெருமுனைக் களையை எதுக்கு இவ்வளவு பாசமா வளக்கறீங்க?"