மச்சானின் பாட்டு வேண்டாம் என்று எழுதியது

பெரியநாயக்கன்பாளையம்,
வியாழக்கிழமை.

பல்லடத்தில் கோழிப்பண்ணையும் குடும்பமுமாகச் சிறப்புற வாழும் மரியாதைக்குரிய மச்சான் லட்சுமிநாராயணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பங்காரம்மாவின் வீட்டுக்காரன் பாலகோபால் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் கோழிகளும் நலமாயிருக்க ஈச்சனாரி விநாயகர் துணை.

தாங்கள் பாடி அனுப்பிய பாட்டு வந்து சேர்ந்தது. அதைப் பற்றிச் சொல்லுமுன் இங்கே நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். தங்கள் மருமகள் ஹர்ஷிணி வாரம் ஒரு கதையை நாடகம் மாதிரி பேசி, போனில் கேட்கும்படி பாட்காஸ்ட் போடுகிறாள் அல்லவா. கதைக்கு நடுவில் ஒரே ஒரு பாட்டு வரும். சினிமாப் பாட்டு ஆகாது, சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்கள் பாட்டுத்தான். இரும்பு வார்க்கும் பவுண்டரியைப் பையன் சசிதரிடம் ஒப்படைத்த பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து ரசத்தில் உப்பு, பொரியலில் காரம் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேனா, பங்காரம்மா தாங்க முடியாமல் மகளிடம் முறையிட, பாட்டுத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது. மெய்யாகவே சொல்கிறேன் மச்சான், காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பவுண்டரியில் நின்றபோது இருந்த மிடுக்கு திரும்பி வந்துவிடுகிறது. இந்த வேலையை விட எனக்கு மனசில்லை.

வருகிற பாட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு இல்லையென்று மெயில் போட வேண்டும், அவ்வளவுதான். எடுப்பது சுலபம். இல்லையென்பதுதான் வாயில் வரமாட்டேனென்கிறது. ஒரு பிள்ளை கஷ்டப்பட்டுப் பாடி அனுப்பியிருக்கு, மூஞ்சிகூடப் பாக்காம வேண்டாம்னு சொன்னா அது என்ன மரியாதைங்க? நேரில் பக்குவமாகச் சொல்லலாமென்று கோட்டைமேட்டு ஆரிஃபை வீட்டுக்கு வரச் சொன்னேன். தம்பி பாட்டில் கத்தல் கொஞ்சம் அதிகம். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். தம்பி ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "எங்கம்மா வெச்ச மாதிரியே இருக்குங்க" என்றார். நம்ம ஊட்டுல கை நனைச்ச பிள்ளைக்கு, அந்தக் கை காயறதுக்குள்ள இல்லைன்னு எப்படிங்க சொல்றது? எடுத்துக்கிட்டேன்னு சொல்லிப்போட்டேன். அடுத்து கிணத்துக்கடவு பூஜிதா, தாலாட்டு பாடுகிற அம்மணி. வேண்டாமென்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அது ஒரு கூடை இளநீரோடு வந்து நின்றது. அப்புறம் இன்னும் நாலு பேர். எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அந்த வாரம் பேய்க்கதை. ஹர்ஷிணி வெளியூர் போயிருந்ததால் பாட்டைச் சேர்த்து ஏற்றும் பொறுப்பும் என்னுடையது. வாக்குக் கொடுத்த அத்தனையையும் சேர்த்துவிட்டேன். பேய் கதவைத் தட்டும்போது ஆரிஃப் தம்பி கத்த, கதவு திறக்கும்போது பூஜிதா தாலாட்டுப் பாட, மற்ற நால்வரும் வரிசையாக வந்து போக, கடைசிவரை பேய் வீட்டுக்குள் நுழையவே இல்லை. கேட்டவர்களில் ஒருவர், கல்யாணக் கச்சேரி அருமை, மாப்பிள்ளை யார் என்று எழுதியிருந்தார். ஹர்ஷிணி திரும்பி வந்து அதை எனக்கு ரெண்டு தரம் படித்துக் காட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கள் பாட்டு வந்தது. கேட்டாளோ இல்லையோ, காலண்டரில் அடுத்த கதையின் தேதிக்குப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த தங்கள் பெயரைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள்: "அப்பா, மாமா பாட்டு வேண்டாம்னு நீங்களே அவருக்கு எழுதோணும். போன் பண்ணுனா சாப்பிட வாங்கன்னு கூப்புட்டுருவீங்க. வாட்ஸ்அப்ல போட்டா அழிச்சுருவீங்க. காகிதத்துல எழுதி எங்கிட்டக் காட்டுங்க. இல்லைன்னா ஹெட்போனை யுஸ்ராகிட்டக் குடுத்துருவேன்." யுஸ்ரா அவளுடைய சிநேகிதி. தயங்காமல் இல்லையென்று சொல்லக்கூடிய பெண்.

பொண்ணெடுத்த வீட்டுக்கு எப்படி எழுதுவதென்று ஒரு வாரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு திண்டாடினேன். பங்காரம்மா வேறு, எங்கண்ணன் பாட்டுக்கு என்ன குறை என்று கேட்டுவிட்டு, பாட்டைக் கேட்டதும் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே மச்சான், மன்னிக்கவும். தாங்கள் பண்ணைக்குள்ளேயே நின்று பாடியிருப்பதால் பின்னால் கோழிச்சத்தம் ஓயவே இல்லை. சுருதியும் சில இடங்களில் தங்களைக் கேட்காமல் போயிருக்கிறது. தங்கள் பாட்டை எடுத்துக்கொள்ள இயலாது. அப்பாடா, எழுதிவிட்டேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, கோழிகளுக்கு நோய்நொடி வராதிருக்கட்டும்.

இப்படிக்கு, தங்கள் உறவை என்றும் விடாத,
பாலகோபால்

பின்குறிப்பு: கடிதத்தை ஹர்ஷிணி படித்தாள். "பரவால்லீங்கப்பா" என்று ஹெட்போனை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். எதற்கும் இருக்கட்டுமென்று தங்கள் பாட்டை அப்போதுதான் முழுதாகக் கேட்டாள். அடுத்த கதை கோழிப்பண்ணையில் நடக்கிறதாம், இந்தக் கோழிகளைத்தான் தேடிக்கொண்டிருந்தாளாம். கோழிச்சத்தம் மட்டும் போதும், நடுவில் மாமா குரல் இடைஞ்சலாக இருக்கிறது, அவர் பாடாமல் ஒருதரம் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள் என்கிறாள். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஞாயிறு மத்தியானம் அக்காவோடு சாப்பிட வந்துவிடுங்கள், நேரில் பக்குவமாகச் சொல்கிறேன். அரிசிம்பருப்புச் சோறுதான். ஹர்ஷிணி அன்றைக்கு ஊரில் இல்லை. வரும்போது பாட்டை மறுபடி நல்லாப் பாடிப் பதிவு செய்து கையோடு கொண்டு வந்துருங்க மச்சான்.