பெண் பார்க்கப் போய் கிராஃப் போட்ட கதை

பெண் பார்க்கப் போகிற ஆண்களுக்கு ஒரு திமிர் இருக்கும். பரீட்சை பெண்ணுக்குத்தான், நமக்கு வேலை பஜ்ஜி சாப்பிடுவது மட்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். மந்தைவெளியில் அந்த வீட்டுப் படியேறும்வரை எனக்கும் அது இருந்தது.

ஸ்டெல்லாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு வேறு பெண் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவள் கணக்கு டீச்சர். அவளுடைய அப்பா அருளப்பன் சார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அதனால் என் அம்மா தரகரிடம், "பையன் கணக்குல புலி" என்று அடித்துவிட்டிருந்தார். (நான் அடையாறில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். அங்கே கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர்தான் போடுகிறது.)

ஹாலில் மாதா படத்துக்குக் கீழே பெரிய கரும்பலகை. சார் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாராம். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, ஸ்டெல்லாவும் வந்தாள். அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பொண்ணு கோயில்ல பாடுமா?"

"பாடாதும்மா. கணக்கு போடும்" என்ற சார் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க போடுவீங்கல்ல? புலின்னு சொன்னாங்களே!"

அவர் கையில் சாக்பீஸ். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

ஸ்டெல்லா பலகையில் y = 2ˣ − 4 என்று எழுதினாள். "கிராஃப் போடுங்க. ரெண்டு அச்சையும் எங்கெங்க வெட்டுது, தொலைத்தொடுகோடு எது, சொல்லுங்க."

(தொலைத்தொடுகோடு என்பது, வளைவு கிட்டக் கிட்டப் போயும் கடைசிவரை தொடாத கோடு.)

x பூஜ்யம் என்றால் 2ˣ ஒன்று. நாலைக் கழித்தால் மைனஸ் மூன்று. x இரண்டு என்றால் நாலில் நாலு போய் பூஜ்யம். ஆக y அச்சில் மைனஸ் மூன்று, x அச்சில் இரண்டு. புள்ளிகளை வைத்து வளைவை ஜம்மென்று மேலே ஏற்றினேன். அம்மா முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அத்தோடு சாக்பீஸைக் கீழே வைத்திருக்கலாம்.

"தொலைத்தொடுகோடு x அச்சு!" என்று அறிவித்தேன். பள்ளிக்கூடத்தில் வெறும் 2ˣ-க்குப் படித்தது.

"அதை வளைவு தொடவே தொடாதா?" என்றாள் ஸ்டெல்லா.

"சத்தியமா தொடாது."

"அப்போ ரெண்டுல வெட்டிக்கிட்டுப் போகுதே?"

தூக்கிவாரிப்போட்டது. மூளை உள்ளவன் சொன்னதை மாற்றியிருப்பான். நான் புள்ளியை அழித்தேன், உள்ளங்கையால். வளைவின் மேல்பாதியையும் அழித்து, x அச்சுக்குக் கீழேயே அது பயந்து பயந்து தவழ்ந்து போகிற மாதிரி வரைந்தேன்.

"டேய், நல்லாத்தானே ஏறிக்கினு இருந்துச்சு, இன்னாத்துக்குடா படுக்க வெச்ச?" என்றார் அம்மா.

சாரின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "சேசுவே! தப்பா போட்டவனை நிறையப் பார்த்திருக்கேன். சரியா போட்டதை அழிச்சவனை இன்னிக்குத்தான் பார்க்குறேன்."

ஸ்டெல்லா சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். "மைனஸ் நாலுன்னா மொத்தப் படமும் நாலு கீழ இறங்குது. தொலைத்தொடுகோடும் கூடவே இறங்கி y = மைனஸ் நாலுக்குப் போயிடும். நீங்க அதை மட்டும் மேலயே விட்டுட்டு வந்துட்டீங்க."

ஆட்டோவில் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கும்போது அம்மா, "அடுத்தது போர்டு இல்லாத வூடா பார்க்கணும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது போனில் ஸ்டெல்லாவின் மெசேஜ்: "சரியான புள்ளியை ஏன் அழிச்சீங்க?"

"பயந்துட்டேன்."

"அப்பாவுக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"அப்போ சரி. அம்மாவை அப்பாகிட்ட பேசச் சொல்லுங்க."

திரும்பத் திரும்பப் படித்தேன், நம்பவே முடியவில்லை. அம்மாவிடம் காட்டினேன். "அந்தப் பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

கல்யாண ரிசப்ஷனில் கேக்கின் மேல் வெள்ளை ஐசிங்கில் சாக்லேட் வளைவு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மைனஸ் நாலில் புள்ளிக்கோடு. சுற்றி நின்றவர்கள் எல்லாம் சாரின் சிநேகிதர்கள், அத்தனை பேரும் கணக்கு வாத்தியார்கள். x அச்சில் இரண்டில் கத்தியை வைத்தேன். அந்தக் கைத்தட்டல் தாலி கட்டியபோதுகூட விழவில்லை.

இன்றைக்கும் கிறிஸ்துமஸ் கேக்கை மாமனார் அதே வளைவோடுதான் கொண்டுவருகிறார். நான் கத்தியை எடுத்ததும் அம்மா பதறிப்போய்க் கத்துவார்:

"ஸ்டெல்லா, அவன் கையைப் புடிச்சுக்கோம்மா! அழிச்சிடப் போறான்!"