எண்பது வரைக்கும் தாங்கும்

"டெஸ்ட்டுக்கு வந்த வண்டிதானே இது?"

ஜன்னலில் குனிந்து கேட்டவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அக்குளில் தடித்த ஃபைல் ஒன்று. முகத்தில் மொத்த உலகத்தின் மேலும் ஒரு கோபம். லிஃப்ட் மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கார் ஓட்டிக் காட்ட வந்தவருக்கு இது அவ்வளவு நல்ல தொடக்கம் இல்லை.

"ஆமா சார். டெஸ்ட்டுக்குத்தான் சார்."

"வெள்ளைக் கார்னு சொன்னாங்க. தெருவுல ரெண்டு வெள்ளைக் கார் நிக்குது. மனுஷன் எதுல ஏறுவான்?" என்று சொல்லிக்கொண்டே அவர் முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார். "ம், கிளம்புங்க."

லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் மெக்கானிக் எட்டு மணியிலிருந்து காத்துக் கிடந்தார். "ஆபீசர் வந்து வண்டியில ஏறிக்குவார். அவர் சொல்ற வழியில போனாப் போதும்" என்று கவுண்டரில் சொல்லியிருந்தார்கள்.

இது அவருக்கு ஐந்தாவது முறை. இருபத்திரண்டு வருடமாக மேலேயும் கீழேயும் மட்டும் போய்வந்த மனிதரைத் திடீரென்று இடமும் வலமும் போகச் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம்! முதல் தடவை முன்னால் எடுக்கச் சொன்னார்கள், பின்னால் எடுத்தார். இரண்டாவது தடவை கொளுத்தும் வெயிலில் வைப்பரைப் போட்டார். மூன்றாவது தடவை ஒரு விளக்குக் கம்பத்தோடு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. நான்காவது தடவை ஆபீசர் "நிறுத்துங்க" என்றதும் பிரேக்கை விட்டுவிட்டுப் பொத்தானைத் தேடினார்.

இந்த முறை விளையாட்டில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை காலியாகியிருந்தது. ஊர் முழுக்கப் பதினாறு கட்டடங்கள். காரில்தான் போய்ப் பார்க்க வேண்டும். நாளைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அந்த நாற்காலி அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவருக்குப் போய்விடும். அந்த ஆள் இப்போதே, "கவலைப்படாதீங்கண்ணே, நான் சூப்பர்வைசரானா உங்களை நல்லபடியா வச்சுக்குவேன்" என்று தோளில் தட்ட ஆரம்பித்திருந்தார். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தத் தட்டலைத்தான் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை.

பின்சீட்டில் அவர் மனைவி. கணக்கு டீச்சர். கார் அவளுடையது. முதல் தடவையிலேயே பாஸானவள், அந்தச் செய்தியை வீட்டில் யாரையும் மறக்க விடாதவள்.

"எந்தப் பக்கம் சார்?" என்றார் மெக்கானிக்.

"அதையும் நான்தான் சொல்லணுமா? வலது பக்கம் திரும்பி நேரா போங்க." அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "இவங்க யாரு?"

"கூட வர்றவங்க சார். ஏதாவதுன்னா பாத்துக்குவாங்க."

"அட, நல்ல ஏற்பாடு." முகத்தில் கோபம் கொஞ்சம் தணிந்தது.

அந்தத் தணிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மனைவி கைப்பையைத் திறந்தாள். "சார், ஒரு சாக்லேட் எடுத்துக்கங்க."

"வேண்டவே வேண்டாம்! டெஸ்ட் முடியற வரைக்கும் பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டேன்."

மெக்கானிக் மனசுக்குள் நொந்துகொண்டார். ஒரு சாக்லேட்டுக்கே இப்படிச் சீறுகிற நேர்மையான ஆபீசரிடம் போய் மாட்டிக்கொண்டோமே!

திரும்பி இரண்டு தெரு தாண்டியிருக்க மாட்டார்கள், டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. லாடம் போல வளைந்த ஒரு கோடு, நடுவில் ஆச்சரியக்குறி. கூடவே 'டிங்' என்று ஒரு மணி.

மெக்கானிக் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். மனைவி அந்த மணியைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். டயர் பஞ்சர்!

பஞ்சரானதுகூடப் பெரிய விஷயமில்லை. காரை விற்ற ஆள் அன்றைக்கே பெருமையாகச் சொல்லியிருந்தான்: "இது ரன்-ஃப்ளாட் டயருங்க. ஸ்டெப்னியே கிடையாது, தேவையும் இல்ல. காத்து சுத்தமாப் போனாலும் பக்கவாட்டு கெட்டியா நின்னு தாங்கும். எண்பது வேகத்துக்கு மேல மட்டும் போகாதீங்க, எண்பது கிலோமீட்டர் நிக்காம ஓடும்." ஆனால் பஞ்சர் வண்டியோடு டெஸ்ட் எடுக்க எந்த ஆபீசர் விடுவார்? இறங்கி நடையைக் கட்டிவிடுவார். மறுபடி தேதி கிடைக்க இரண்டு மாதம். அதற்குள் கம்பெனியில் அந்த ஆள் தோளை முழுசாகத் தட்டி முடித்துவிடுவார்.

மறைத்துவிடுவது என்று மெக்கானிக் முடிவு செய்தார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி டேஷ்போர்டின் மேல் போர்த்தினார்.

"என்னது அது?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"வெயில் சார். கண்ணு கூசுது."

விளக்கு மறைந்தது. வேகம் காட்டும் முள்ளும் சேர்ந்து மறைந்தது. அதைவிட மோசம், மணி நிற்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு 'டிங்'. ஒவ்வொரு 'டிங்'குக்கும் மெக்கானிக் பலமாக இருமினார்.

மூன்றாவது இருமலில் பக்கத்தில் இருந்தவர் ஃபைலால் மூக்கை மறைத்துக்கொண்டார். "என்னங்க இது, இருமலோட வண்டி ஓட்ட வந்திருக்கீங்க? எனக்கு வேற ஒட்டிக்கிட்டா?" என்று ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார்.

அங்கேதான் வம்பு வந்தது. கண்ணாடி இறங்கியதும் வெளியிலிருந்து ஒரு சத்தம் உள்ளே வந்தது. டக்... டக்... டக்... பின் டயரில் ஏறியிருந்த ஆணி, சுற்றுக்கு ஒரு முறை ரோட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் காதைத் தீட்டிக்கொண்டார். "டக் டக்னு ஒரு சத்தம். உங்களுக்குக் கேக்குதா?"

"இல்லையே சார். எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்கும்மா?"

வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்துகிற டீச்சர் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "இல்ல சார். அமைதியாத்தானே இருக்கு."

"அப்ப எனக்கு மட்டும்தான் கேக்குதா?" அவர் குரல் உள்ளே போய்விட்டது. இடது மணிக்கட்டை வலது கைவிரல்களால் பிடித்துக்கொண்டு வாட்சையே பார்க்க ஆரம்பித்தார்.

'நேரம் குறிக்கிறார்!' மெக்கானிக்கின் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. டக்டக்டக்டக்.

"ஐயோ, வேகமாகுது! வேகமாகுது!"

"சாரி சார்!" காலை எடுத்தார். டக்... டக்...

"ம். இப்ப குறையுது." அவர் மூச்சை விட்டார். "ஒரே சீரா இருக்கணும். அதான் முக்கியம். ஏறி இறங்கினாத்தான் ஆபத்து."

"மனசுல வச்சுக்கறேன் சார்," என்றார் மெக்கானிக் பயபக்தியோடு. நான்கு ஆபீசர்களில் ஒருவர்கூட இவ்வளவு அக்கறையாகச் சொல்லித் தந்ததில்லை.

அடுத்து ஒரு ரவுண்டானா வந்தது. அவர்கள் போக வேண்டிய ரோட்டின் முனையில் ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. எல்லா வண்டிகளும் நின்றன. மெக்கானிக் மட்டும் நிற்கவில்லை. நிக்காம ஓடும் என்றுதானே சொன்னான்? நின்றுவிட்டால் அப்படியே உட்கார்ந்துவிட்டால்? இருபத்திரண்டு வருடத்தில் பாதி வழியில் நின்றுபோன எத்தனை லிஃப்ட்டை அவர் பார்த்திருக்கிறார்! ரவுண்டானாவைச் சுற்றினார். லாரி நகரவில்லை. இன்னொரு சுற்று. லாரிக்காரர் இறங்கி யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்று. நடுவில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் தெரிந்தவர்களைப் போல அவர்களுக்குக் கையை ஆட்டினார்.

"தலை சுத்துது," என்றார் பக்கத்தில் இருந்தவர், கண்கள் செருக.

"இன்னும் ஒரே சுத்துதான் சார்."

"எனக்குத் தலை சுத்துதுய்யா! காதுல டக்டக், தலையில கிறுகிறு..."

மனைவி முன்சீட்டுக்கு எம்பி, புருஷன் காதில் ரகசியம் பேசினாள். முப்பது பிள்ளைகளைக் கடைசிப் பெஞ்சு வரை அதட்டிப் பழகிய குரல் அது. கார் முழுக்கக் கேட்டது.

"என்னங்க, நிக்காம ஓடும்னா நிக்கவே கூடாதுன்னு அர்த்தமா? நின்னு நிதானமாப் போங்க! பிரஷர் சுத்தமா இறங்கிக் கிடக்கு!"

ஆணிகூட ஒரு கணம் தட்டவில்லை போலிருந்தது. முடிந்தது கதை, என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

பக்கத்தில் இருந்தவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "பிரஷர் இறங்கிருச்சாம்மா?"

இனி மறைத்துப் பயனில்லை. "ஆமா சார்," என்றாள் டீச்சர் தலைகுனிந்து. "கிளம்பின கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சுது. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல."

"தொட்டுக்கூடப் பாக்காம கண்டுபிடிச்சீங்களே, கெட்டிக்காரம்மா நீங்க. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துது." கோபப்படுவார் என்று பார்த்தால் அவர் குரல் தழதழத்தது. "மறைக்காம சொல்லுங்க. எவ்வளவு தாங்கும்?"

"எண்பது வரைக்கும் தாங்கும் சார்."

"எண்பதா!" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிச்சயமாவா?"

"கேரண்டி சார். நிதானமாப் போகணும், அவ்வளவுதான். அவசரப்பட்டாத்தான் வெடிக்கும்."

"எண்பதுக்கு மேல?"

"அதுக்கு மேல போறது அவங்கவங்க அதிர்ஷ்டம் சார்."

"எண்பதே போதும்மா! அதுக்கு மேல ஆசைப்படலாமா?" அவர் முகத்தில் ஏறி உட்கார்ந்திருந்த கோபம் முழுசாக இறங்கிப் போனது. ஃபைலைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார். மெக்கானிக்கால் நம்பவே முடியவில்லை. பஞ்சரை ஒத்துக்கொண்டதற்கு இவ்வளவு மகிழ்கிற ஆபீசரா! உண்மை பேசுவதற்கு இத்தனை மதிப்பு என்று தெரிந்திருந்தால் மூன்றாவது தடவையே அந்தக் கம்பத்தைப் பற்றியும் பேசியிருக்கலாமே!

லாரி நகர்ந்தது. மெக்கானிக் நின்றார், பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், கிளம்பினார். கார் கிளம்பியது! அதற்குப் பிறகு அவர் ஓட்டியதைப் பார்க்க வேண்டும். வைப்பர் அசையவில்லை. கம்பங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு இடமும் வலமும், மேலும் கீழும் போல இயல்பாக வந்தன. பின்சீட்டில் மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே பாதி லைசென்ஸ் கிடைத்த மாதிரி.

"இந்தக் கட்டடம்தான். ஓரமா நிறுத்துங்க."

பொத்தானைத் தேடாமல் நிறுத்தினார். எதிரே வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கதவு, வாசலில் ஒரு மரம். கிளைகளுக்கு நடுவே பலகையில் 'பரிசோதனை நிலையம்' என்று பாதி தெரிந்தது. பரவாயில்லையே, டெஸ்ட் முடிவு சொல்ல இப்போது தனிக் கட்டடமே கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது!

அவர் இறங்கினார். மெக்கானிக்கும் இறங்கி ஓடிவந்தார். மனசு உறுத்தியது. இவ்வளவு நல்ல மனிதரிடம் ஒரு பொய்யை மட்டும் ஏன் மிச்சம் வைக்க வேண்டும்?

"சார், மன்னிக்கணும். அந்த டக்டக் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. இவளுக்கும் கேட்டுச்சு. பின் டயர்ல ஏறின ஆணி சார் அது. காத்துப் போன டயர்லதான் இவ்வளவு தூரமும் வந்தோம்."

அவர் குனிந்து டயரைப் பார்த்தார். ஆணித்தலை வெயிலில் பளபளத்தது. நிமிர்ந்து தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்ப... அது ஆணியா? எனக்கு ஒண்ணும் இல்லையா?" மெக்கானிக்கை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். "இவ்வளவு பக்குவமா என்னை யாரும் கூட்டிட்டு வந்ததே இல்லைய்யா! உங்களை மாதிரி ஆளுங்கதான் வண்டி ஓட்டணும்!"

"அப்ப பாஸா சார்?" என்றார் மெக்கானிக்.

"இதுல என்ன சந்தேகம்? நூத்துக்கு நூறு!"

மனைவி கைக்குட்டை தேடினாள். அது டேஷ்போர்டில் இருந்ததால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணக்கு டீச்சருக்கு நூற்றுக்கு நூறைவிட இனிப்பான வார்த்தை உலகத்தில் கிடையாது. "நான்கூட எண்பத்தெட்டுதாங்க வாங்கினேன்," என்றாள், புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு. மெக்கானிக் மனசுக்குள் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஆளின் தோளை ஒரு தடவை தட்டியும் விட்டார்.

அப்போது கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு நர்ஸ், கையில் ரத்தம் எடுக்கும் ஊசியோடு ஓடிவந்தாள்.

"சார், நீங்க எதுல வந்தீங்க? உங்களைக் கூட்டிட்டு வர உங்க தெருவுக்கு நாங்க அனுப்பின வெள்ளைக் கார்ல லைசென்ஸ் ஆபீசர் ஒருத்தர் ஏறி உக்காந்து, 'டெஸ்ட்டுக்குத்தானே'ன்னு கேட்டு ஊரெல்லாம் சுத்த வச்சுட்டு, இருபது வருஷமா வண்டி ஓட்டற எங்க டிரைவரைப் பாத்து, 'லிஃப்ட் மெக்கானிக், நீங்க அஞ்சாவது தடவையும் ஃபெயில்'னு எழுதிக் குடுத்துட்டு இறங்கிப் போயிட்டாராம்!"